டிக் டிக் சத்தம் வருகிறது, தீ மட்டும் வரவில்லை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் இவர்கள் ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினார்கள். பழைய உரிமையாளர் பின்பக்க மர டெக்கில் மூன்று பர்னர் கொண்ட ப்ரொபேன் எரிவாயு கிரில் (நெருப்பில் வாட்டிச் சமைக்கும் அடுப்பு) ஒன்றை விட்டுப் போயிருந்தார். கோடை முழுக்க அதில்தான் சிக்கன், பனீர், சோளக்கதிர் எல்லாம். சென்ற அக்டோபரில் அதற்கு உறை போட்டு, சிலிண்டரோடு சேர்த்துக் கராஜுக்குள் தள்ளி வைத்தார்கள். இந்த மே மாதம் மகனின் பிறந்தநாளுக்காக வெளியே எடுத்தால் பற்ற மறுக்கிறது. பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, அவ்வளவுதான். பேட்டரியை மாற்றினார்கள். பிறகு பொறி கிளப்பும் இக்னைட்டரையே புதிதாக வாங்கி மாட்டினார்கள். அதற்கும் பிறகு கடையில் சிலிண்டரை மாற்றிக்கொண்டு வந்தார்கள். புது சிலிண்டரில் ஒருமுறை பற்றியது. ஆனால் தீ துளித்துளியாகத்தான் எரிந்தது. மூடியிலுள்ள வெப்பமானி 250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை.

கரூரிலிருந்து வந்திருக்கும் மாமனார் இரண்டு யோசனை சொல்லியிருக்கிறார்: சிலிண்டரைக் கொஞ்சம் சாய்த்து வைப்பது; தீக்குச்சியைக் கொளுத்தி இணைப்பருகே காட்டி லீக் இருக்கிறதா என்று பார்ப்பது. கணவர் பொறுமை இழந்து, மூடி மூடியிருக்கும்போதே மூன்று குமிழ்களையும் திறந்து பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு மூடியைத் தூக்கி லைட்டரை நீட்டியதும் குப்பென்று ஒரு தீப்பந்து எழுந்து, முன்கை முடி கருகிவிட்டது. "நல்லவேளை, பையன் பக்கத்தில் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பது மூன்று. இதைச் சரிசெய்யலாமா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா? வீட்டுக்கு வரும் இயற்கை எரிவாயுக் குழாயோடு இணைத்துவிட்டால் சிலிண்டர் தொல்லை தீருமா? டெக்கில் கிரில் வைக்கக் கூடாது என்று வீட்டு உரிமையாளர் சங்கம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது, அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரின் கை. முடி மட்டும் கருகியதோடு போனது அதிர்ஷ்டம்தான். தோல் சிவந்து கொப்புளம் ஏதும் வந்திருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்தப் பதிலை முழுவதும் படிக்கும்வரை கிரில்லைத் தொடவும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடி, இணைப்பைக் கழற்றி வையுங்கள்.

நீங்கள் மூன்று பொருளுக்குப் பணம் செலவழித்திருக்கிறீர்கள். பேட்டரி, இக்னைட்டர், சிலிண்டர் மூன்றிலுமே கோளாறு இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி முக்கியமான தடயம்: பற்றியது, ஆனால் 250 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. மூன்று பர்னர் கிரில் மூடியை மூடிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 500 டிகிரியைத் தொட வேண்டும். 250லேயே நின்றுவிட்டது என்றால், எரிவாயு வருகிறது, ஆனால் சொட்டுச் சொட்டாக வருகிறது. கிரில்லில் உள்ள ஒரு பாதுகாப்புக் கருவி உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எரிவாயுவைத் தடுத்து வைத்திருக்கிறது என்பதுதான் என் கணிப்பு.

ரெகுலேட்டர் ஏன் முரண்டு பிடிக்கிறது

சிலிண்டருக்குள் ப்ரொபேன் திரவமாக இருக்கிறது. சாதாரண கோடை நாளில், 21 டிகிரி செல்சியஸில், உள்ளே அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 110 பவுண்டு. பர்னருக்குத் தேவையோ அரை பவுண்டுக்கும் குறைவு. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ரெகுலேட்டர். சிலிண்டரில் கையால் திருகி மாட்டுகிறீர்களே, பெரிய பிளாஸ்டிக் மரை, அந்த இணைப்புக்குள் இன்னொரு சிறிய கருவியும் உண்டு. எரிவாயு திடீரென்று வேகமாகப் பாய்ந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று அது முடிவு கட்டி ஓட்டத்தை இறுக்கிவிடும். பிறகு கசிவது போலக் கொஞ்சம்தான் வரும். அறுந்த குழாய்க்கு அது சரியான வைத்தியம். ஆனால் குழாய் உண்மையில் அறுந்ததா, நாம்தான் வால்வை ஒரே திருப்பாகத் திறந்தோமா என்று பிரித்துப் பார்க்க அந்தக் கருவிக்குத் தெரியாது.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. வீட்டு அடுப்பில் ரெகுலேட்டரைத் திருப்பி, அடுப்புக் குமிழைத் திறந்து, லைட்டரைத் தட்டினால் போதும். எதை முதலில் திறந்தோம், எவ்வளவு வேகமாகத் திறந்தோம் என்றெல்லாம் யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கத் தேவையும் இல்லை. இந்த கிரில்லில் வரிசை மாறினால் வேலை கெட்டுவிடும். சமைத்து முடித்தபின் சிலிண்டரை மட்டும் மூடிவிட்டு, பர்னர் குமிழ்களைத் திறந்தபடியே விட்டுவிடும் வீடுகள் நிறைய. அடுத்த முறை சிலிண்டரைத் திறந்ததும் எரிவாயு நேராகப் பர்னர் வழியே பாயும், கருவி பூட்டிக்கொள்ளும். புது சிலிண்டர் மாட்டிய அன்றும் ஆர்வத்தில் வால்வை ஒரே மூச்சில் திறந்திருப்பீர்கள். அதனால்தான் புதிதிலும் அதே கதை.

பூட்டை விடுவிக்க ஒரு ரூபாய் செலவில்லை. மூன்று குமிழ்களையும் மூடுங்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். பிளாஸ்டிக் மரையைக் கழற்றி எடுங்கள். கிரில்லின் மூடியைத் திறந்துவைத்து, ஒரு குமிழை மட்டும் சற்றே திறந்து, குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியே விட்டுவிட்டு அதையும் மூடுங்கள். சில நிமிடம் பொறுங்கள். அப்புறம் மரையை மறுபடி மாட்டி, கையால் மட்டும் இறுக்குங்கள், ஸ்பானர் வேண்டாம். மரை கோணலாக ஏறியிருந்தாலும், முழுக்க ஏறாமல் பாதியில் நின்றாலும் இந்த வகை இணைப்பு எரிவாயுவையே விடாது. சிலிண்டர் மாற்றியபின் பற்றாமல் போவதற்கு அது இன்னொரு காரணம். இனி சிலிண்டர் வால்வை மெல்ல, மிக மெல்லத் திறங்கள். அரைத் திருப்புப் போனதும் நின்று, குழாய் நிரம்பச் சில விநாடி கொடுத்து, மீதியைத் திறங்கள். பர்னர் குமிழ்கள் இன்னும் மூடியே இருக்க வேண்டும்.

பற்றவைப்பதற்கு முன் சோப்புச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் சம அளவு கலந்து, சிலிண்டர் வால்வு, மரை, ரெகுலேட்டர், குழாய் முழுக்க, அது கிரில்லுக்குள் நுழையும் இடம்வரை தடவுங்கள். குமிழி வளர்ந்துகொண்டே போகும் இடம் லீக். இணைப்பில் குமிழி வந்தால் மூடிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். குழாயிலேயே வந்தால் ஒட்டுப் போட நினைக்காதீர்கள். ரெகுலேட்டரும் குழாயும் சேர்ந்தே விற்கிறார்கள், மாற்றிவிடுங்கள். சிலிண்டர் வால்வில் வந்தால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு தர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். வால்வை மூடியபின்னும் வாடையோ சீறலோ நிற்கவில்லை என்றால் கை வைக்காமல் எல்லோரும் விலகிப் போய் 911ஐ அழையுங்கள்.

எரிவாயுவா, பொறியா?

இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் இக்னைட்டர் செலவு மிச்சமாகியிருக்கும். சோதனை எளிது. மூடி திறந்திருக்க வேண்டும். கிரில்லின் பக்கவாட்டில், பர்னருக்கு அருகே, தீக்குச்சி நுழைக்க ஒரு சிறு துளை இருக்கும். நீளக் குச்சியோ நீள மூக்கு லைட்டரோ கொளுத்தி அந்தத் துளை வழியாகப் பர்னரருகே பிடியுங்கள். முகத்தை கிரில்லுக்கு மேலே கொண்டுபோகாமல், கையை மட்டும் நீட்டுங்கள். நெருப்பு அங்கே இருக்கும்போதுதான் அந்த ஒரு பர்னரின் குமிழைத் திறக்க வேண்டும். சுடர் நன்றாகப் பிடித்தால் எரிவாயு சரி, பழுது பொறியில். பிடிக்கவில்லை, அல்லது துளித்துளியாக எரிகிறது என்றால் பொறிக்கு இதில் பங்கில்லை.

ஐந்து விநாடிக்குள் பிடிக்காவிட்டால் குமிழை மூடிவிட்டு, மூடியைத் திறந்தபடியே ஐந்து நிமிடம் காத்திருங்கள். இதை மட்டும் குடும்பத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ப்ரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்து போகாமல் கிரில்லின் அடிப்பெட்டியில் தேங்கும். காற்றில் அது 2 சதவீதத்தைத் தாண்டினாலே பற்றிக்கொள்ளும். உங்கள் கணவர் மூடிய பெட்டிக்குள் மூன்று பர்னரையும் திறந்து நிறுத்திவைத்தது அந்தக் கலவையைத்தான். கருவி எரிவாயுவை இறுக்கி வைத்திருந்ததால்தான் தீப்பந்து அந்த அளவோடு நின்றது என்று நினைக்கிறேன். முழு ஓட்டத்தில் இதே காரியம் நடந்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டீர்கள்.

பொறியில்தான் பழுது என்று தெரிந்தால் சிலிண்டரை மூடிவிட்டு, மாலை இருட்டியதும் பட்டனை அழுத்தி உள்ளே பாருங்கள். சத்தம் கேட்பது போதாது, நீலப் பொறி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பொறி கிளம்பும் மின்முனையின் நுனிக்கும் பர்னருக்கும் இடைவெளி 4, 5 மில்லிமீட்டர் போதும். அதைவிட விலகியிருந்தாலோ, அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருந்தாலோ, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தாலோ பொறி வேறெங்காவது தாவிவிடும். இன்னொன்று: பல கிரில்களில் மின்முனை ஒரு பர்னருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பர்னர்தான் முதலில் பற்ற வேண்டும். மற்றவை அதிலிருந்து பற்றிக்கொள்ளும். எது என்று முகப்புப் பலகையிலேயே குறித்திருப்பார்கள். உங்கள் வீட்டில் வழக்கமாக எந்தக் குமிழை முதலில் திறக்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

குளிர்காலத்தில் குடிவந்தவர்கள்

அக்டோபர் முதல் மே வரை ஏழு மாதம் அசையாமல் நின்ற கிரில் என்பதால் சிலந்தியையும் சந்தேகிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். பர்னர் குழாயின் வாய்ப்பகுதியில், காற்றும் எரிவாயுவும் கலக்கும் இடத்தில், சிலந்திகள் வலை பின்னிக் கூடு கட்டுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. கிரில் தயாரிப்பாளர்கள் அந்த இடத்தில் சல்லடை வலை வைப்பதே இதற்காகத்தான். 2011ல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக்கூட, எரிபொருள் தொட்டியின் காற்றுக்குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை கட்டியதுதான் காரணம்.

கூடு அடைத்துக்கொண்டால் தீ மஞ்சளாகச் சோம்பி எரியும், அல்லது ஒரு பர்னர் மட்டும் பற்றாது. அதைவிட மோசம், எரிவாயு பின்னுக்குத் திரும்பிக் குமிழ்களுக்குப் பின்னால் பற்றிக்கொள்வது. குமிழ்ப் பலகைக்கு அடியில் எப்போதாவது தீயைப் பார்த்தால் உடனே சிலிண்டரை மூடுங்கள். சுத்தம் செய்வது கடினமில்லை. சிலிண்டரைக் கழற்றி, கிரில் ஆறியபின், பர்னர்களை ஒவ்வொன்றாக எடுத்து, பாட்டில் கழுவும் நீளத் தூரிகையால் உள்ளே தேயுங்கள். மேலே உள்ள துளைகளை மெல்லிய கம்பியால் திறந்துவிடலாம், ஆனால் பெரிதாக்கிவிடக் கூடாது. வால்வின் முனையில் இருக்கும் பித்தளை நாசிலைக் கம்பியால் குத்தவே வேண்டாம். திரும்ப மாட்டும்போது பர்னர் குழாயின் வாய் அந்த நாசிலின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். விலகி உட்கார்ந்தால் எரிவாயு பர்னருக்குள் போகாமல் வெளியே கொட்டும். சுத்தம் செய்தபின் வரும் விபத்துகளுக்கு இதுவே வழி.

கராஜ் விஷயமும் இங்கேயே. கிரில்லை உள்ளே வைக்கலாம், சிலிண்டரை வைக்கக் கூடாது. சிலிண்டரைக் கழற்றி, வெளியே, நிமிர்த்தி வையுங்கள். கடுங்குளிர் அதை ஒன்றும் செய்யாது. ப்ரொபேனின் கொதிநிலையே மைனஸ் 42 டிகிரி செல்சியஸ். மழை பெய்கிறதே என்று கராஜுக்குள் கிரில்லைப் பற்றவைத்துச் சோதிப்பதும் கூடாது. கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடை கிடையாது.

மாமனாரின் யோசனைகள்

இரண்டுமே வேண்டாம், நம் ஊரிலும் வேண்டாம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும்போது மேலேயுள்ள ஆவிதான் வால்வு வழியாக வெளியே வரும். சாய்த்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகலாம். திரவம் ஆவியாகும்போது இருநூற்றைம்பது மடங்குக்கும் மேல் விரிவடையும். எந்த ரெகுலேட்டரும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் ஒரு சொம்பு வெந்நீரை அதன் பக்கவாட்டில் ஊற்றிவிட்டுத் தடவிப் பாருங்கள். எந்த மட்டத்திலிருந்து கீழே சில்லென்று இருக்கிறதோ, அதுவரை எரிவாயு இருக்கிறது. தீக்குச்சியால் லீக் பார்ப்பது பற்றி, லீக் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். பெரியவரிடம் நேராகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், சோப்புத் தண்ணீரையும் பிரஷ்ஷையும் அவர் கையில் கொடுத்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க மாமா" என்று விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டிலேயே பொறுமை அதிகம் உள்ளவர் அவர்தான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

குழாய் எரிவாயுவோடு இணைக்கலாமா?

இப்போதுள்ள கிரில்லை அப்படியே இணைக்க முடியாது. ஒரு கன அடி ப்ரொபேனில் சுமார் 2,500 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம். இயற்கை எரிவாயுவில் சுமார் 1,000தான். அதனால் ப்ரொபேன் நாசிலின் துளை சிறியது, இயற்கை எரிவாயு நாசிலின் துளை பெரியது. அழுத்தமும் வேறு. அதே நாசில்களோடு குழாயில் இணைத்தால் தீ நோஞ்சானாக எரியும். துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்கிக் காட்டும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள், அந்த வழிக்கே போகாதீர்கள். உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளரே மாற்றுப் பாகங்கள் விற்றால் மட்டும் யோசிக்கலாம். பல நிறுவனங்கள் மாற்றத்தை அனுமதிப்பதே இல்லை. குழாய் இழுக்கும் வேலையை உரிமம் பெற்ற பிளம்பர்தான் செய்ய வேண்டும். பல ஊர்களில் அனுமதிச் சீட்டும் தேவை. அந்தச் செலவில் இரண்டு கிரில் வாங்கிவிடலாம்.

நோட்டீஸ்

இதில் உங்களுக்குச் சாதகமாகச் சொல்ல ஆசைதான். ஆனால் "எங்கள் டெக், எங்கள் இஷ்டம்" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. இங்கே இரண்டு தனித்தனி விதிகள் இருக்கின்றன. ஒன்று தீத்தடுப்புச் சட்டம். அமெரிக்காவின் பல மாநிலங்கள் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் சர்வதேசத் தீத்தடுப்பு விதித்தொகுப்பு, எரியக்கூடிய பால்கனியிலோ, எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளோ கிரில் பயன்படுத்தக் கூடாது என்கிறது. சுமார் ஒரு பவுண்டு கொள்ளும் குட்டிச் சிலிண்டருக்கு மேற்பட்ட எதையும் அங்கே வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஒன்று அல்லது இரண்டு குடும்பங்கள் வாழும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. வரிசையாக ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ் அந்த விலக்கில் வருமா என்பது உங்கள் ஊர் விதியைப் பொறுத்தது. உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் தடுப்புப் பிரிவுக்குப் போன் செய்தால் சொல்லிவிடுவார்கள், கட்டணம் கிடையாது.

இரண்டாவது, சங்கத்தின் ஒப்பந்தம். வீடு வாங்கியபோது கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் அது இருக்கும். சட்டம் அனுமதித்தாலும் சங்கம் அதைவிடக் கறாராக இருக்கலாம். எந்தப் பிரிவின் கீழ் நோட்டீஸ் அனுப்பினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அபராதம் விதிப்பதற்கு முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கேளுங்கள். ஆனால் அண்டை வீட்டாரோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் மர டெக் உங்களுடையது. சண்டை போட்டு வெல்வதைவிட, பின்புறத் தரையில் சுவரிலிருந்து தள்ளி ஓர் இடத்தை அனுமதிக்கச் சொல்லிக் கேட்பது பயன் தரும் என்பது என் அபிப்பிராயம். இது தொழில்நுட்ப ஆளின் பேச்சு. அபராதத்தில் போய் நின்றால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

சரிசெய்வதா, புதிதா?

மேலே சொன்னபடி பூட்டை விடுவித்து, பர்னரைச் சுத்தம் செய்தபின் நீலச் சுடர் வந்தால் செலவே இல்லை. அதன்பின்னும் துளித்துளியாகவே எரிந்தால் ரெகுலேட்டரும் குழாயும் மாற்றுங்கள்; பெரும்பாலும் 20 முதல் 40 டாலருக்குள் முடிந்துவிடும். பர்னர் குழாய்கள் துருவில் ஓட்டை விழுந்திருந்தாலும் மாற்றுப் பாகம் கிடைக்கும். அடிப்பெட்டியே துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் யோசிக்காமல் விடைகொடுங்கள். எதற்கும் முன்னால், மாடல் எண்ணை அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் திரும்ப அழைப்புப் பட்டியலில் தேடிப் பாருங்கள். கிரில்கள் அதில் அவ்வப்போது வரும். இருந்தால் பழுதுநீக்கலோ பணமோ கேட்க உங்களுக்கு வழி இருக்கலாம். உத்தரவாதம் உங்களுக்குப் பயன்படுமா என்பது சந்தேகம், அது பொதுவாக முதலில் வாங்கியவருக்கே பொருந்தும்.

கிரில்லைத் தூக்கிப் போடுவது என்று முடிவானால் சிலிண்டரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். காலி என்று நினைக்கும் சிலிண்டரிலும் எரிவாயு மிச்சமிருக்கும், குப்பை வண்டியில் நசுங்கினால் ஆபத்து. சிலிண்டர் மாற்றித் தரும் கடையில் கேட்டால் பழையதை வாங்கிக்கொள்வார்கள்.